வரணும்னு ஒண்ணும் இல்ல

இந்தப் பாத்தி முடிகிற மேட்டில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியின் ஓரமாக நின்றால்தான் போனில் சிக்னல் வரும். அதனால் களையெடுத்துக்கொண்டே போய் அந்த முனையை அடைந்ததும் வீட்டுக்காரருக்குப் பேசிக்கொள்ளலாம் என்று, முழங்காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். நேராக நடந்து போனால் ஒரு நிமிஷம். களையெடுத்துக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் பாத்தியில் கிராசா வெங்காயத்துக்குக் களையெடுக்கிறாள், இந்தப் பண்ணை அவளுடையது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. மண் இன்னும் ஈரம். பனி காயவில்லை. விரலை உள்ளே விட்டால் நகக்கண் வழியாகக் குளிர் ஏறுகிறது. மே மாதத்தில் குளிர்! பாளையங்கோட்டையில் இப்போது மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், தெருவில் வெயில் ஆளை நிற்கவிடாது, அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை கழுத்தில் இருக்கும். இருக்காது. தனியாகத்தானே இருக்கிறார், யாருக்காகக் கையை எடுக்க வேண்டும், கழுத்தில்தான் இருக்கும்.

கேரட் முளை என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. கொத்தமல்லி மாதிரி இலை. அதே மாதிரி இலையோடு ஒரு களையும் ஊடே ஊடே நிற்கிறது, அதைப் பிடுங்க வேண்டும், இதை விட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தினேன். கேரட்டின் குடும்பத்தைக் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் வரைவேன், குடைபோல விரிகிற பூங்கொத்து, அதன் ஒவ்வொரு காம்பும், ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் முளைக்கும்போது எப்படி இருக்கும் என்று ஐம்பத்தெட்டாவது வயதில், போர்ச்சுகலில் ஒரு மலைச்சரிவில் வந்துதான் பார்த்தேன். தாரணிதான் லேப்டாப்பில் காட்டினாள். மருந்தடிக்காத பண்ணைகள், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள், எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம் அம்மா என்றாள். மகள் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் பேப்பரைத் திருப்பினார். நான் போறேன் என்றதும் பேப்பரைக் கீழே இறக்கி, "ஏரோப்ளேன் ஏறிப் போயி களை பறிக்கப் போறியோ? இங்கன தாமிரபரணிக் கரையில இல்லாத களையா?" என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எட்டாவது நாள் எங்கிருந்தோ ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தார். அதன் சக்கரத்தை உருட்டிக் காட்டினார். முன்னும் பின்னும் உருட்டினார். அப்போதும் சரி என்று சொல்லவில்லை. குற்றாலிங்கம் என்கிற மனிதர் சரி என்றும் சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார், நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்தவர், ரோட்டைப் போட்டுவிடுவார், எங்கே போகிறது என்று நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோடு எங்கே போகிறது. நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்த குரலை எத்தனை தடவை கேட்டேன், ஏழு தடவை, எட்டு தடவை. தொட்டிப் பக்கம் ஏறி, மலையைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பலாம் என்று போனைத் திறந்தேன், அதற்குள் அவருடைய குரல் வாட்ஸ்அப்பில் வந்து கிடந்தது. முப்பத்தொரு விநாடி. "ஏளா, நான்தான். கழுத்துல கட்டி இருக்குல்லா. டாக்டரு பாத்தாரு. வியாழக்கிழம ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்ங்காரு. ஒண்ணும் இருக்காது. நீ வரணும்னு ஒண்ணும் இல்ல. பூனைக்குப் பால் வச்சிட்டேன்." அவ்வளவுதான். இருக்குல்லா. அந்த லா-வில்தான் என் கால் இடறி விழுந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. கழுத்தில் கட்டி இருக்கிறது என்று சொன்னால் அது செய்தி. கட்டி இருக்குல்லா என்றால் உனக்குத்தான் தெரியுமே என்று அர்த்தம். எனக்கு எங்கே தெரியும். எப்போது சொன்னார். சொல்லாததைச் சொன்னது மாதிரி, காட்டாததைக் காட்டினது மாதிரி. இல்லை, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் லா போடுவார்கள், மழை பெய்யுதுல்லா, பஸ் போயிட்டுல்லா, அதற்கெல்லாம் அர்த்தம் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா. ஆனாலும் எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு இடது பக்கக் கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னங்க அது என்றேன், "கொசு கடிச்சிருக்கு" என்றார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேனா. என் கையில் விசா ஃபாரம் இருந்தது. அதில் அவருடைய பிறந்த தேதியைக் கேட்டிருந்தார்கள், அதைத்தான் கேட்க வந்தேன், அவர் சொன்னார், எழுதிக்கொண்டு போய்விட்டேன். கொசு கடித்தால் இரண்டு விரலால் அளந்து பார்ப்பார்களா. பார்க்கவில்லையே. பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லையே.

கோரை. இந்தக் கோரை மட்டும் நம்ம ஊர்க் கோரையேதான், வேரில் கிழங்கு, மேலே பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே இருந்து சிரிக்கும். விரலைப் பக்கவாட்டில் ஆழ விட்டு, நெம்பி, மெதுவாக. வந்துவிட்டது. இந்தச் சின்ன வேலையில் என்ன இவ்வளவு சந்தோஷம். மூன்று மாத விசாவில் இங்கே வந்து, இந்த ஏழு வாரத்தில் நான் கண்டுபிடித்தது அதுதான், எனக்குச் சந்தோஷமாக இருக்கத் தெரியும் என்பது. கல் சுவர் வைத்த சின்ன அறை, ஒற்றைக் கட்டில். கதவைச் சாத்தினால் நான் மட்டும். காலையில் கண் விழித்ததும் யாருக்கும் காபி போட வேண்டாம், எனக்கே போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளாமலும் இருக்கலாம். முதல் வாரம் அந்த நிம்மதிக்குப் பயந்து சீக்கிரமே எழுந்து கிராசாவின் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து துணியை வாங்கி வைத்துவிட்டு வெளியே போய் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஏறி வந்து ஆலிவ் மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. அவ்வளவுதான் நடந்தது. அழுகையாக வந்தது. அவளுடைய புருஷனின் பழைய பேன்ட்டைக் கொடுத்தாள், வாழ்க்கையில் முதல் தடவை பேன்ட் போட்டேன், குனிந்தால் மாராப்பைப் பிடிக்க வேண்டாம், பாவாடையை ஒதுக்க வேண்டாம், இரண்டு கையும் எனக்கே எனக்கு. முட்டைக்கோஸ் சூப், கல்லு மாதிரி ரொட்டி, அதன்மேல் ஆலிவ் எண்ணெய். களையோடு வருகிற பருப்புக்கீரையைக்கூட அவள் தூரப் போட மாட்டாள், தனியாகக் கூடையில் சேர்ப்பாள், சாயங்காலம் அது சூப்பில் கிடக்கும். வெளிநாடு போன ஆம்பளை பெண்டாட்டி பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன், போட்டோ அனுப்பினேன், கழுதையை, கூடையை, பேன்ட் போட்ட என்னை. அதற்கு மட்டும் பதில் வந்தது. "யார் இது?"

யார் இது. அதுதான், அதைத்தான் நேற்றிலிருந்து தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். குரல் முடிந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது. ஐயோ என்று தோன்றியிருக்க வேண்டும். சங்கரன்கோயில் கோமதியம்மாளுக்கு நேர்ந்துகொண்டிருக்க வேண்டும். கட்டி என்றால் என்னவாக இருக்கும் என்று பதறியிருக்க வேண்டும், அதெல்லாம் பதறினேன், ஆனால் இரண்டாவதாக. முதலில் தோன்றியது, இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. அப்படியே, முழு வாக்கியமாக, யாரோ காதில் சொன்ன மாதிரி. இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. முப்பத்திமூன்று வருஷம் கூட இருந்த மனுஷன் கழுத்தில் கட்டி என்கிறான், இவள் நாளை எண்ணுகிறாள். அதனால்தான் நேற்றே கூப்பிடவில்லை. அங்கே ராத்திரி பதினொன்றரை ஆகியிருக்கும், தூங்கியிருப்பார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். அவர் தூங்கியிருக்க மாட்டார். வேறு எதில் எனக்குச் சந்தேகம் இருந்தாலும் இதில் இல்லை. இறங்கி வந்து கிராசாவோடு உட்கார்ந்து சூப் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டேன்.

"வாதிவு!"

கிராசா கூப்பிடுகிறாள். வடிவு என்று அவளுக்கு வராது, ட நாக்கில் நிற்காமல் வழுக்கிவிடும். தலையைத் தூக்கினேன். தன் பாத்தியை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தி, நான் பிடுங்கிப் போட்ட குவியலிலிருந்து ஒரு பிடியை அள்ளினாள். மெல்லிசான வெள்ளை வேர்கள், மோந்து பார்த்தாள், என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கேரட் வாசனை. நூல் மாதிரி வேர்தான், அதற்குள் முழுக் கேரட்டின் வாசனையும் இருந்தது. ஒரு முழ நீளத்துக்குக் களையை விட்டுவிட்டுக் கேரட்டைப் பிடுங்கியிருக்கிறேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் களை மட்டும் வரிசையாக, அழகாக, இடைவெளி விட்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் வேறு என்னவோ ஆகிவிட்டது, மண் கையோடு கண்ணைத் துடைத்துக் கண்ணில் மண் விழுந்து அதற்கும் சேர்த்துக் கண்ணீர். அவள் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற இங்கிலீஷ் ஒரு கைக்குட்டை அகலம்தான்.

"வீட்டில் கெட்ட செய்தியா?" என்று கேட்டாள்.

"என் கணவருக்கு உடம்பு சரியில்லை. வியாழக்கிழமை ஒரு பரிசோதனை."

"வரச் சொல்கிறாரா?"

இல்லை என்றேன். வர வேண்டாம் என்கிறாரா என்றாள். அதற்கும் இல்லை என்றேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள். அவர் சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது. நீ வரத் தேவையில்லை என்று சொன்னால் அது ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்வது மாதிரி இருக்கிறது. வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வராவிட்டால் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நான் கேட்டு நீ வந்ததாக இருக்கக் கூடாது, நீயாக வந்ததாக இருக்க வேண்டும், இல்லை, நீயாக வராமல் இருந்ததாகவும் இருக்கலாம், இத்தனையும் அந்த ஒண்ணும் இல்ல-வுக்குள் மடித்து வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து, "அல்வா வாங்கணும்னு ஒண்ணும் இல்ல, கட வழியாத்தான் வந்தேன்" என்று பொட்டலத்தை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் பிறந்தநாள். தாரணி வயிற்றில் இருக்கும்போது அம்மா வீட்டுக்கு வந்து, "பாக்கணும்னு ஒண்ணும் இல்ல, சைட்டு இந்தப் பக்கம்" என்றார். சைட்டு அம்பாசமுத்திரத்தில் இருந்தது, அம்மா வீடு கோவில்பட்டியில். அப்படியென்றால் இந்த வரணும்னு ஒண்ணும் இல்ல என்பது வா என்றுதான் அர்த்தம். அப்படியா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சும்மா சொன்னேன் என்று சொன்னால்? தங்கச்சி கல்யாணத்துக்கு நீ ஒரு வாரம் முந்தியே போகணும்னு ஒண்ணும் இல்ல என்றாரே, அது போகாதே என்றுதானே, நானும் போகாமல் இருந்தேனே. ஒரே வாக்கியம், ஒரு வருஷம் வா, ஒரு வருஷம் போகாதே. பரீட்சைத் தாளைப் படித்துப் படித்து மார்க் போட்டவள், வீட்டில் ஒரு ஆள் எழுதின விடைக்கு முப்பத்திமூன்று வருஷமாக மார்க் போட முடியவில்லை.

"நீ அவரிடமே கேளேன்," என்றாள் கிராசா.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டால்? வா என்று சொல்லிவிட்டால் போக வேண்டும், ஐந்து வாரமும் போய்விடும், இனி ஒரு தடவை இப்படி வாய்க்குமா. வராதே என்று சொல்லிவிட்டால் வியாழக்கிழமை முழுக்க இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஊசி இறங்கியிருக்குமா, இப்போது இறங்கியிருக்குமா என்று. இரண்டில் எதற்கு நான் பயப்படுகிறேன் என்றே தெரியவில்லை. கேட்காத வரைக்கும் இரண்டும் இல்லை. அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, என் பாத்தியின் மேல் முனையில் போய் உட்கார்ந்து அங்கேயிருந்து என்னை நோக்கிக் களையெடுக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையும் கோழி கிளறுகிற வேகத்தில் போகின்றன. அடிப்பாவி, என் இரண்டு மணி நேரத்தைப் பாதியாக்கிவிட்டாளே. நிறுத்து என்று சொல்லவா முடியும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் பச்சை குறுகிக்கொண்டே வருகிறது. குயில் எங்கேயோ கூவியது, நம்ம ஊர்க் குயில் இல்லை, இதற்கு இரண்டே சுரம்தான். பத்து அடி. ஐந்து அடி. கோரை ஒன்றைக் கிழங்கோடு எடுக்கிறேன் பேர்வழி என்று அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அவள் கையும் என் கையும் ஒரே களையைப் பிடித்தன. அவள் விட்டுவிட்டாள். நான் பிடுங்கினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, அவள் தோளைப் பிடித்து எழுந்தேன், மேட்டில் ஏறினேன். தொட்டிச் சுவர் வெயிலில் சூடேறியிருந்தது. சாய்ந்துகொண்டேன். கை மண்ணைப் பேன்ட்டில் துடைத்தேன். போன் என் விரலைத் தெரியாது என்றது, மறுபடி துடைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஏளா."

"சாப்ட்டியளா?"

"ஆச்சு. நீ?"

"இன்னும் இல்ல. நீங்க சொன்னதக் கேட்டேன்." போனை மறு காதுக்கு மாற்றினேன். "நேத்துச் சாயங்காலமே கேட்டேன். கூப்பிடல."

"தெரியும். நீலமாயிட்டுல்லா, பாத்தேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் சூப் குடிக்கும்போது அந்த நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தேன், வந்துவிட்டது. "கேட்டதும் எனக்கு மொதல்ல தோணுனது என்ன தெரியுமா. இன்னும் அஞ்சு வாரம் இருக்கேன்னுதான் தோணுச்சு. நான் நல்லவ இல்ல."

அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் கிரீச் கிரீச்சென்று. பிறகு சிரிக்கிறாரா, ஆமாம், மூக்கால் சிரிக்கிறார்.

"எனக்கும் அதான் தோணுச்சு. டாக்டரு சொன்ன உடனே. அவளுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கேன்னு."



"கொசுன்னு சொன்னியளே."

"நீ ஃபாரத்த வச்சிக்கிட்டு நின்ன. சொன்னா போமாட்ட."

"தாரணிக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"இப்ப ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்லணும். நான் வரவா, வேண்டாமா?"

"நான்தான் சொன்னம்லா..."

"வரணும்னு ஒண்ணும் இல்லன்னியளே. அதுக்கு என்ன அர்த்தம்?"

போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது, மறுபடி காதில் வைத்தேன். கீழே கிராசா இந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்திருந்தாள்.

"எனக்கே தெரியலளா," என்றார். அப்புறம், "பயமா இருக்கு."

அவர் அப்பா செத்தபோது சொல்லாத வார்த்தை. கங்கைகொண்டான் பக்கம் ரோலர் கவிழ்ந்து காலை நசுக்கியபோது, ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "டிபன் கேரியர எடுத்துட்டு வந்துட்டாங்களா" என்று கேட்ட மனுஷன். நான் வாயைத் திறந்தேன், ஒன்றுமில்லைங்க என்று சொல்லப் போனேன், ஏதோ தடுத்தது. பேச விட்டேன்.

"நீ இங்கன இருந்தன்னா இத நான் சொல்லிருக்க மாட்டேன். காபி ஆறிட்டுன்னு உன்னய ஏசிக்கிட்டு இருந்திருப்பேன். நீ வந்துட்டா மறுபடி அப்பிடி ஆயிருவனோன்னும் இருக்கு. வந்தா நல்லா இருக்கும்னும் இருக்கு. ரெண்டுந்தான்."

ரெண்டுந்தான். ஒண்ணும் இல்ல என்றால் ரெண்டும். இதை ஏன் நான் ஒருநாளும் நினைக்கவில்லை, இதுவா அதுவா என்றே தலையை உடைத்துக்கொண்டிருந்தேனே, இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு ஆளுக்குள் இருக்கும் என்று, எனக்குள்ளேயே இருக்கிறதே, ஐந்து வாரமும் அந்தப் பதற்றமும்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "தாரணிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க போனக் கையிலயே வச்சிருங்க."

மேட்டிலிருந்து இறங்கும்போது கால் தன்பாட்டுக்கு வேகமாகப் போனது. கிராசா நிமிர்ந்தாள்.

"கேட்டாயா? வரச் சொன்னாரா?"

"இல்லை," என்றேன். "நான் போகிறேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை, பஸ் இரண்டு மணிக்கு, இன்றைக்குக் கிளம்பினால் வியாழக்கிழமைக்குள் போய்விடலாமா என்றுதான் கேட்டாள். தெரியாது, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் போய்விடலாம், ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ. அவள் முதலில் சாப்பிடு என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். கடமைக்காகப் போகிறேனா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். அது எங்கேயும் அகப்படவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, சின்னப் பிள்ளை ஆசை மாதிரி, வெட்கமாகக்கூட இருந்தது. பயமா இருக்கு என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும். எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க வேண்டும்.